32 பக்க பாலிசியில் கட்டிங் டேபிளைக் காணோம்

கேள்வி: வணக்கம் சார். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். மொத்தம் 140 பேர், அதில் நாற்பது பேருக்கு மேல் ஒடிசா, பீகார்க்காரர்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்தில், கீழும் மேலுமாக இரண்டு தளம். அடுத்த மாதம் பையர் ஆடிட், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை. ஹெல்த் அண்ட் சேஃப்டி பாலிசி கேட்டிருக்கிறார்கள். முதலாளி இங்கிலீஷில் 32 பக்க மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கம்பெனி பேரை மட்டும் மாத்திப் பிரிண்ட் எடுத்துரும்மா" என்கிறார். படித்துப் பார்த்தால் அதில் கிரேன், சாரம் கட்டுவது, ஃபோர்க்லிஃப்ட் என்று எங்களிடம் இல்லாததெல்லாம் இருக்கிறது. நான் பி.காம். படித்தவள், சேஃப்டி படித்ததில்லை. இதை அப்படியே கொடுத்துவிடலாமா? நானே எழுதுவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆடிட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. — ஒரு வாசகி

பதில்: அப்படியே கொடுக்காதீர்கள் அம்மணி. அந்த 32 பக்கத்தில் கிரேன் இருக்கிறது, ஆனால் உங்கள் கட்டிங் டேபிள் இல்லை, இதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். சேஃப்டி படித்தவர் செய்ய வேண்டிய முதல் வேலையைப் படிக்காமலே செய்திருக்கிறீர்கள், அதனால் மீதியையும் உங்களால் எழுத முடியும் என்று நம்பித்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாலிசி என்பது முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வாக்கு. நாளைக்கு ஒருவருக்கு விரல் போனால், விசாரிக்க வருகிற அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். "வாரம் ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி தருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, பதிவேடு எங்கே?" என்பார். செய்யாததை எழுதி வைப்பதைவிட எழுதாமல் விடுவதே மேல் என்று சொல்ல மாட்டேன், எழுதியே ஆக வேண்டும். ஆனால் எழுதுகிற ஒவ்வொரு வரியும் உங்கள் கட்டடத்துக்குள் நடக்கிற காரியமாக இருக்க வேண்டும்.

இதைப் பையர் புதிதாகக் கேட்கவில்லை. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் கொண்டுவந்த திருத்தத்திலேயே, 7-ஏ பிரிவாக இது வந்துவிட்டது. தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய கொள்கையை ஆலையை நடத்துகிறவர் எழுத வேண்டும், அதை நிறைவேற்ற யார் யார், என்னென்ன ஏற்பாடு என்பதையும் எழுத வேண்டும், அவ்வப்போது திருத்த வேண்டும், எல்லாத் தொழிலாளருக்கும் தெரியப்படுத்த வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால் படிவங்கள், ஆள் எண்ணிக்கை வரம்புகள் எல்லாம் மாறுகின்றன. அதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் திருப்பூர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து எழுதப்போகிற விஷயம் சட்டம் மாறியதால் மாறிவிடாது.

சரி, வெளிநாட்டுக்காரன் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறான் என்று உங்கள் முதலாளி கேட்பார். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஒரு துணி ஆலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அதாவது காகிதமெல்லாம் பக்காவாக இருந்தது, கதவு பூட்டியிருந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 24, டாக்கா பக்கம் சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே தையல் கம்பெனிகள் ஆட்களை உள்ளே வரச் சொன்னார்கள். உங்கள் பாலிசியில் நான் பார்க்க விரும்புகிற இரண்டு வரிகள் இந்த இரண்டு சம்பவத்திலேயே இருக்கின்றன: கதவு யார் பொறுப்பு, வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்.

இனி எழுதுகிற விதம். மூன்று பகுதி. முதல் பகுதி, முதலாளியின் வாக்கு. ஒரு பக்கம் போதும். இரண்டாவது, யாருக்கு என்ன பொறுப்பு. மூன்றாவது, நடைமுறை ஏற்பாடுகள். இங்கிலாந்தில் 1974-ல் வந்த சட்டத்திலிருந்து இந்த அமைப்பு இப்படியே வருகிறது, அதனால் ஆடிட்டருக்கும் படிக்கப் பழக்கமாக இருக்கும். எல்லோரும் முதல் பகுதியில்தான் மெனக்கெடுகிறார்கள், "உறுதிபூண்டுள்ளது", "முன்னுரிமை அளிக்கிறது" என்று அடுக்குகிறார்கள். நீங்கள் அதைக் கடைசியில் எழுதுங்கள். மூன்றாவது பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள், அதுவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு செக்‌ஷன் செக்‌ஷனாக நடந்து.

முதல் நாள் கட்டிங்கில் நில்லுங்கள். சும்மா பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடாது, ஒரு லே, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த துணி அடுக்கு, முழுக்க வெட்டி முடிக்கிற வரைக்கும். கட்டிங் மாஸ்டர் வலது கையால் மெஷினைத் தள்ளுவார், இடது கை துணியை அமுக்கிக்கொண்டு கத்திக்கு முன்னால் போகும். விரல் போவது அந்த இடது கையில்தான். அதற்குத்தான் இரும்பு வலைக் கையுறை. அது பெரும்பாலும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஆடிட் அன்றைக்குக் கைக்கு வரும். ஏன் போடவில்லை என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள். "லூசா இருக்குதுங்க, துணி சிக்குது" என்பார்கள். ஒரே சைஸில் அரை டஜன் வாங்கிப் போட்டிருப்பார்கள், சின்னக் கைக்கு அது தொளதொளவென்று இருக்கும், துணியின் பிடியே தெரியாது. அப்போது பாலிசியில் "கையுறை கட்டாயம் அணிய வேண்டும்" என்று எழுதி என்ன பிரயோஜனம்? இப்படி எழுதுங்கள்:

"கட்டிங் மெஷின் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் அவர் கை அளவுக்கு இரும்பு வலைக் கையுறை அவர் பெயரிலேயே கொடுக்கப்படும். வலை அறுந்தால் அன்றே மாற்றித் தருவது ஸ்டோர் பொறுப்பாளர் வேலை. கத்தி மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி டேபிள் மேல் வைத்த பிறகே கத்தியைத் தொட வேண்டும். கத்திக்கு முன்னால் இருக்கும் தடுப்பைத் துணியின் உயரத்துக்குத் தக்கபடி இறக்கிவைக்காமல் மெஷினை ஓட்டக்கூடாது. இதைத் தினமும் காலை வேலை ஆரம்பிக்கும் முன் பார்ப்பவர் கட்டிங் மாஸ்டர், அவர் இல்லாத நாளில் உதவி மாஸ்டர்."

ஐந்து வரி. யார், எப்போது, எதை என்று எல்லாம் இருக்கிறது. இங்கிலீஷ் மாதிரியின் நான்கு பக்கத்துக்கு இந்த ஐந்து வரி பெறும். இதே மாதிரி ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் எழுதினால் மொத்தம் எட்டு, பத்து பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

தையலில் ஊசித் தடுப்பு, மோட்டார் பெல்ட்டுக்கு மூடி, துப்பட்டாவும் கூந்தலும் பெல்ட் பக்கம் போகாமல் இருப்பது, உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் சேர்த்துக் கொடுத்த பிறகே புது ஊசி. இவை உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை, சுருக்கமாக எழுதினால் போதும். அயர்னிங்கில் பாய்லரின் சேஃப்டி வால்வையும் பிரஷர் காட்டும் முள்ளையும் யார் பார்ப்பது என்று பெயர் போடுங்கள். அப்புறம் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் பெட்டியோடு நிற்கிறவருக்குத் தண்ணீர், ஃபேன், இடையில் உட்கார ஓர் இடம். இதையும் பாலிசியில் சேருங்கள், வெக்கையும் பாதுகாப்பு விஷயம்தான்.

கறை எடுக்கிற ஸ்பாட் கிளீனிங் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். அங்கே அடிக்கிற கெமிக்கல் ஆவியாகிப் போகும், அடிக்கிறவர் வாயில் ஒரு துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ இருக்கும். அந்த மாஸ்க் தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவிக்குக் கரி வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும், அதைவிட முக்கியம் காற்றை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட். கறை போகட்டும் என்று தின்னரும் பெட்ரோலும் எடுத்து வைத்திருந்தால் அதைப் பார்த்த நிமிடமே நிறுத்துங்கள், பாலிசி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கெமிக்கல் கொடுத்த கடைக்காரரிடம் அதன் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடிக்குமா, எதோடு சேர்த்து வைக்கக்கூடாது என்ற மூன்றை மட்டும் தமிழில் அரைப் பக்கம் எழுதி அந்தச் சுவரிலேயே ஒட்டுங்கள்.

இப்போது கதவு. திருப்பூர் கம்பெனிகளில் கதவு எப்போது அடைபடும் தெரியுமா? சாதாரண நாளில், வெளியேறும் வழியைக் காட்டத் தரையில் போட்ட மஞ்சள் கோடு மஞ்சள் கோடாகத்தான் இருக்கும். ஷிப்மென்ட் நாள் வந்தால் பேக்கிங்கிலிருந்து அட்டைப் பெட்டி ஒவ்வொன்றாக நகர்ந்து, முதலில் கோட்டின் மேல், அப்புறம் கோட்டைத் தாண்டி, ராத்திரி பத்து மணிக்கு இரண்டாவது வாசல் முழுக்க அட்டைப் பெட்டி. ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருப்பார்கள், மேல் தளத்தில் பெண்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். பனியன் துணி, பாலித்தீன் கவர், அட்டை, எல்லாம் எரிகிற பொருள். ஆடிட்டர் காலையில் வருவார், காலையில் அந்த வாசல் காலியாகத்தான் இருக்கும். அதனால் பாலிசியில் "அவசர வழிகள் தடையின்றி இருக்கும்" என்று எழுதுவது பொய்யாகாமல் இருக்க வேண்டுமென்றால், பெட்டியை வேறு எங்கே வைப்பது என்பதை எழுத வேண்டும். ஷிப்மென்ட் நாளில் பெட்டி அடுக்க ஓர் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். அது நிரம்பிவிட்டால் பேக்கிங்கை நிறுத்தி லாரிக்குப் போன் போடுவது பேக்கிங் சூப்பர்வைசர் வேலை என்று எழுதுங்கள். இரண்டாவது வாசலின் பூட்டு, ஆட்கள் உள்ளே இருக்கிற வரையில், எந்தக் காரணத்துக்காகவும் மாட்டப்படாது. துணி திருட்டுப் போகிறது என்பார்கள். வாசலில் ஆள் போடுங்கள், அல்லது திறந்தால் மணி அடிக்கிற மாதிரி செய்யுங்கள்.

தீயணைப்புச் சிலிண்டரை மாதம் ஒருமுறை பார்த்து, முள் பச்சையில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவது, பேனல் போர்டு பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைப்பது எல்லாம் மாதிரியிலேயே சரியாக இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியேறும் ஒத்திகையை இரவு நேரத்திலும் ஒருமுறை நடத்துங்கள், மெயினை அணைத்துவிட்டு. அவசர விளக்கு எரிகிறதா, படிக்கட்டில் யார் கை பிடிக்கிறார்கள், வெளியே வந்தபிறகு தலை எண்ணுகிறவரிடம் அன்றைய வருகைப் பட்டியல் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கான்ட்ராக்டர் ஆட்கள் அந்தப் பட்டியலில் இருக்கவே மாட்டார்கள், சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் 32 பக்கத்தில் நிச்சயமாக இருக்காத ஒன்று: செப்டிக் டேங்க். தையல் கம்பெனிக்கும் செப்டிக் டேங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். 140 பேர் புழங்குகிற இடம், வருடத்தில் சில தடவையாவது நிறையும், அடைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிற செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முதலில் ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆள், அப்புறம் மூன்றாவது ஆள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடலாம். காற்றைவிடக் கனம் என்பதால் மூடியைத் திறந்து வைத்தாலும் அடியிலேயே கிடக்கும்.

இங்கே மட்டும் வார்த்தையைக் குழைக்காமல் எழுதுங்கள்: "செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி எதற்குள்ளும் எங்கள் ஆளோ வெளி ஆளோ யாரும், எக்காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது. உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் 101, 108 இரண்டுக்கும் உடனே போன் செய்ய வேண்டும்." கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற 2013-ம் வருடச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது, சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. இந்தப் பக்கத்தை வாட்ச்மேனுக்கும் மெயின்டனன்ஸ் ஆளுக்கும் நீங்களே வாயால் படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிறைந்தால் ஆளைக் கூட்டி வருவது அவர்கள்தான், நீங்களோ முதலாளியோ அல்ல.

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன், பொறுப்புகள். பதவியை மட்டும் எழுதாமல் ஆளின் பெயரையும் போட்டு, பக்கத்திலேயே அவர் இல்லாதபோது யார் என்றும் போடுங்கள். கம்பெனியில் உங்கள் பெயரைத்தான் எல்லா வரியிலும் போட்டுவிடலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் காகிதத்தையும் பயிற்சியையும் ஒருங்கிணைக்கலாம். கட்டிங்குக்குக் கட்டிங் மாஸ்டர், மின்சாரத்துக்கு எலெக்ட்ரீஷியன், எல்லாவற்றுக்கும் மேலே முதலாளி. பணம் ஒதுக்குகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் சவார் விஷயம், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம். மெஷினில் ஷாக் அடிக்கிறது, பாய்லர் வேறு மாதிரி சத்தம் போடுகிறது, கூரை ஷீட் ஆடுகிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், அந்த வேலையை உடனே நிறுத்தச் சொல்ல அந்த ஷிப்டில் ஓர் ஆளுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். முதலாளி கோயமுத்தூரில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை என்றாலும் அவர் நிறுத்தலாம். நிறுத்தியதால் ஷிப்மென்ட் தவறினாலும் அவர் மேல் நடவடிக்கை கிடையாது, நிறுத்திய நேரத்துக்குத் தொழிலாளிக்குச் சம்பளப் பிடித்தமும் கிடையாது என்று எழுதி, முதலாளியிடம் அந்த வரியைத் தனியாகக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைக்கிறவருக்கு இது ரொம்ப முக்கியம், மெஷின் நின்றால் தன் காசு போகும் என்றால் ஷாக் அடித்தாலும் சொல்ல மாட்டார்.

முதலுதவிப் பெட்டி 150 பேருக்கு ஒன்று என்பது பழைய சட்டக் கணக்கு, அதன்படி உங்களுக்கு ஒன்று போதும். இரண்டு தளத்துக்கும் ஒவ்வொன்று வையுங்கள், பூட்டாமல், இரவு ஷிப்டிலும் பயிற்சி எடுத்த ஓர் ஆள் இருக்கிற மாதிரி. விரல் துண்டானால் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைத்து, ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும், நேராக ஐஸில் போடக்கூடாது. இதைக் கட்டிங் செக்‌ஷன் சுவரில் படமாகவே வரைந்து வையுங்கள். விபத்துப் பதிவேட்டில் சின்னக் காயத்தையும், காயம் படாமல் தப்பியதையும் எழுத வையுங்கள். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் இயக்ககத்துக்கு அறிவிக்க வேண்டும், இ.எஸ்.ஐ.க்கும் உடனே தெரிவிக்க வேண்டும். "நாமே ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கலாம், வெளியே தெரிய வேண்டாம்" என்கிற பேச்சு வரும். அந்தத் தொழிலாளிக்குப் பின்னாளில் ஊன உதவித்தொகை கிடைக்க வேண்டுமென்றால் அன்றைக்குக் கொடுத்த விபத்து அறிக்கைதான் ஆதாரம். அதை மறைப்பது அவர் வயிற்றில் அடிப்பது.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒடிசாக்காரர்கள் எல்லோருக்கும் இந்தி படிக்க வரும் என்று எண்ண வேண்டாம். அவர்களில் நன்றாகப் பேசுகிற ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல ஒடியாவில் பேசவைத்து வாட்ஸ்அப்பில் பதிவு செய்யுங்கள், பீகார்க்காரர்களுக்கு இந்தியில் அதே மாதிரி. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும்போது கூடவே புது ஆட்களைக் கூட்டி வருவார்கள், அந்த வாரம் பயிற்சியைத் திரும்ப நடத்துவதென்று பாலிசியிலேயே எழுதிவிடுங்கள். கேட்டு முடித்தவரிடம் வெறும் கையெழுத்து வாங்காமல், "தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாகப் போவாய், காட்டு" என்று கேளுங்கள். நடந்து போய்க் காட்டினால் புரிந்திருக்கிறது.

மூன்று வாரம் போதும். முதல் வாரம் முழுக்க நடந்து, கேட்டு, நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது வாரம் மூன்றாம் பகுதியை எழுதி, ஒவ்வொரு செக்‌ஷன் பக்கத்தையும் அந்தச் செக்‌ஷன் ஆட்களிடமே படித்துக் காட்டித் திருத்துங்கள். "இப்படி நடக்காதுங்க" என்று அவர்கள் சொல்கிற வரியை அவர்களோடு உட்கார்ந்து நடக்கிற மாதிரி மாற்றுங்கள். மூன்றாவது வாரம் பொறுப்புப் பட்டியல், முதலாளியின் ஒரு பக்கம், கையெழுத்து, தேதி, தமிழ், இந்தி, ஒடியா. ஆடிட்டருக்கு இங்கிலீஷ் பிரதி ஒன்று. அதற்குள் முடிக்க முடியாதவை இருக்கும், எக்ஸாஸ்ட் மாட்டுவது மாதிரி. அதை முடிந்ததாக எழுதாமல், என்ன குறை, யார் முடிப்பது, எந்தத் தேதிக்குள், அதுவரைக்கும் என்ன மாற்று ஏற்பாடு என்று தனித் தாளில் எழுதி ஆடிட்டரிடம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். நல்ல ஆடிட்டர் அந்தத் தாளை மதிப்பார், அடுத்த வருடம் வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்.

முதலாளி தயங்கினால் கட்டிங் பக்கம் பற்றிய அந்த ஐந்து வரியை மட்டும் முதலில் காட்டுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.